சித்திரக் கதை மாந்தர்மேல் வைத்த அன்பு
(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பையும் சிலருக்கு நகைப்பையும் தரக்கூடும். யப்பான் தேசத்தில் ‘மங்கா’ என வழங்கும் சித்திரக் கதைகளையும், அவற்றைப் படிப்போர் அக்கதைமாந்தர்மீது கொள்ளும் ஆழ்ந்த பற்றையும் பற்றியே சில வார்த்தைகள் கூற விழைகின்றோம். மங்கா என்றதும் மாங்காயை நினைந்து நாவூற வேண்டாம். ‘மனம் போனவாறு வரைந்த சித்திரங்கள்’ என்பது அச்சொல்லின் பொருள் என்பர். ஹொக்குசாய் என்னும் ஓவியர் 1814 ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கிய சித்திரத் தொகுதிக்கும் இப்பெயரே இடப்பட்டது. தமிழிலே மங்கா என்றால் ஒளி குன்றாதது எனப் பொருள்படும். அப்பொருளும் இவற்றுக்குப் பொருந்துமா என்பதை எமது பேச்சின் முடிவில் நீங்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

இப்பொருளை இச்சபையிற் கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. நம் வாலிபரிற் பலர் இக்கதைகளைக் கைத்தொலைபேசியிற் படிக்கின்றனர்; அவற்றின் அசையும் படங்களை நள்ளிரவு கடந்தும் பார்க்கின்றனர். ஒரு கதைமாந்தன் இறந்தால் இரண்டு நாள் உணவில் விருப்பமின்றி இருப்போரும் உளர். அதைக் கண்ட பெற்றோர், “மையினால் வரைந்த உருவம் செத்ததற்கு அழுகின்றாயே, உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?” என வினவுகின்றனர். பிள்ளையோ விடை சொல்லத் தெரியாது கதவைச் சாத்திக் கொள்கின்றான். அந்த வினாவுக்கு ஒரு விடை தேடுவதே இன்றைய எமது முயற்சியாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துவோம். இல்லாத ஒருவனுக்காக உள்ளம் உருகுவது இக்காலத்து நோய் அன்று. குலசேகர மன்னர் இராமாயணம் கேட்டுக் கொண்டிருந்தார். இராமபிரான் தன்னந்தனியனாய்ப் பதினாலாயிரம் அரக்கரை எதிர்த்து நின்றான் எனப் பௌராணிகர் சொல்லிய மாத்திரத்தே, “எழுக நமது சேனை!” என ஆணையிட்டார் என்பது நம் பெரியோர் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. அதனைக் கேட்டு நாம் அவரைப் பித்தர் என்பதில்லை. ஆழ்வார் என்றே போற்றுகின்றோம். மேனாட்டாரும் இதற்கு விலக்கல்லர். மிஷன் கல்லூரியில் ஆங்கிலம் பயின்ற எமக்கு நினைவில் வருவது ஷெர்லொக் ஹோம்ஸின் கதை. கோனன் டொயில் 1893 இல் அத்துப்பறிவாளனைக் கதையிற் கொன்றுவிட்டார். வாசகர் சினந்தனர், கடிதங்கள் எழுதினர், ஈற்றில் ஆசிரியர் 1903 இல் அவனை மீண்டும் உயிருடன் கொண்டுவர நேர்ந்தது. ஆகவே, கதைமாந்தனை உயிருள்ளவனாகப் பாவித்தல் மனித இயல்பு. யப்பானியச் சித்திரக் கதை அவ்வியல்பை எவ்வாறு இத்துணை வலிமையுடன் தொடுகின்றது என்பதே நாம் ஆராய வேண்டியது.

இதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சியை எடுத்துக் கொள்வோம். 1970 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24 ஆந் திகதி, ரோக்கியோ நகரிலுள்ள கோதன்ஷா என்னும் பதிப்பகத்தின் மண்டபத்தில் ஒரு மரணச் சடங்கு நடைபெற்றது. ஏறக்குறைய 700 பேர் வந்து கூடினர். குத்துச்சண்டை மேடை ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. பௌத்த முறைப்படி பிரித் ஓதப்பட்டது. இறந்தவன் பெயர் ரிக்கீஷி தோரு. அவன் ஒருநாளும் இவ்வுலகிற் பிறந்தவன் அல்லன். அப்பதிப்பகத்தின் வாராந்தச் சஞ்சிகையில் வந்துகொண்டிருந்த ‘நாளைய ஜோ’ என்னும் சித்திரக் கதையில் வரும் குத்துச்சண்டை வீரன் அவன். அச்சடங்கை முன்னின்று நடத்தியவர் தெராயமா ஷூஜி. யப்பானிற் புகழ்பெற்ற கவிஞர், நாடகாசிரியர்.

அக்கதையைச் சுருக்கமாகச் சொல்லுவோம். 1968 முதல் 1973 வரை வெளிவந்த இக்கதையை எழுதியவர் கஜிவாரா இக்கி. வரைந்தவர் சிபா தெத்சுயா. தாய் தந்தையற்ற ஜோ என்னும் முரட்டு வாலிபன் ரோக்கியோவில் அன்றாடக் கூலிகள் வாழும் சேரிக்கு வந்து சேருகின்றான். அங்கே ஒற்றைக் கண்ணும் குடிப்பழக்கமும் உடைய பழைய குத்துச்சண்டை வீரன் ஒருவன் அவனிடத்தே உள்ள திறமையைக் கண்டு, அவனை மனிதனாக்கப் பாடுபடுகின்றான். ஜோ சீர்திருத்தப் பாடசாலையில் அடைபடுகின்றான். அங்கே அவனை எதிர்க்கின்றவன் ரிக்கீஷி. இருவரும் வெளியே வந்தபின், மேடையில் முறையாக மோதித் தீர்ப்பதென்று உறுதி கொள்கின்றனர்.

இங்கே ஒரு சுவையான செய்தி. எழுதியவர் ரிக்கீஷியைக் கதையிற் புகுத்தியபோது, அவனே ஜோவின் எதிரியாகப் போகின்றான் என்பதை அறியாத ஓவியர் அவனைப் பெரிய உடம்பினனாக வரைந்துவிட்டார். குத்துச்சண்டையில் ஒரே நிறையுடையோரே மோதலாம் என்பது விதி. ஆகவே, பெரியவன் சிறியவனது நிறைக்கு இறங்கியே தீரவேண்டும். அதற்காக ரிக்கீஷி உணவை விட்டான், நீரையும் விட்டான். ஓரிரவு தாகம் பொறுக்கமாட்டாது குழாய்களைத் தேடி ஓடுகின்றான். குழாய்கள் யாவும் கம்பியாற் கட்டப்பட்டிருக்கின்றன. அவனுக்கு இரங்கிய யோக்கோ என்னும் மங்கை ஒரு குவளை வெந்நீரை நீட்டுகின்றாள். அவன் நன்றி கூறி, அந்நீரைத் தரையில் ஊற்றிவிடுகின்றான். விரதம் அனுட்டித்துப் பழகிய நம்மவர்க்கு இக்காட்சியின் கனம் நன்கு விளங்கும்.

போட்டி நாளில் ரிக்கீஷியே வென்றான். தோற்ற ஜோ கைலாகு கொடுக்கச் செல்ல, வென்றவன் சாய்ந்து வீழ்ந்து உயிர் துறந்தான். ஓவியரின் கைத்தவறாகத் தொடங்கிய ஒன்று, யப்பானிய வாலிபர் மறக்கவொண்ணாத ஒரு மரணமாக முடிந்தது.

இம்மரணத்துக்கு 700 பேர் வந்தமைக்குரிய காரணங்களை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

முதலாவது காரணம் காலம். நாவலை நாலு நாளிற் படித்து முடிக்கலாம்; திரைப்படம் மூன்று மணியில் முடிந்துவிடும். வாராந்தச் சித்திரக் கதையோ கிழமைக்குக் கிழமை சுமார் இருபது பக்கமாக ஆண்டுக் கணக்கில் வளர்கின்றது. பன்னிரண்டு வயதில் ஒரு கதையைத் தொடங்கிய சிறுவன் அதன் முடிவைக் காணும்போது பதினேழு வயது வாலிபன். இடையிலே அவன் பாடசாலை மாறியிருப்பான், நண்பனை இழந்திருப்பான், பரீட்சையிற் தோற்றிருப்பான். அக்காலமெல்லாம் ஒவ்வொரு கிழமையும் தவறாது அவனைத் தேடி வந்தவன் அக்கதாநாயகன் ஒருவனே. ஓடா எயிச்சிரோ வரையும் ‘வன் பீஸ்’ என்னும் கடற்கொள்ளையர் கதை 1997 இல் தொடங்கியது. அன்று அதனைப் படித்த சிறுவர் இன்று பிள்ளை பெற்றுப் பெற்றோராயினர். அடுத்த வீட்டுக்காரனை அன்றாடம் காண்பதால் உறவு முளைப்பது போலவே, இவ்வுறவும் முளைக்கின்றது. தொலைக்காட்சியிலும் வானொலியிலும் அடிக்கடி தோன்றுவோர்மீது கேட்போர் கொள்ளும் ஒருபக்க உறவைப் பற்றி ஹோர்ட்டன், வோல் என்னும் இரு அமெரிக்க அறிஞர் 1956 இலேயே ஆராய்ந்து எழுதினர். சித்திரக் கதைக்கும் அது பொருந்துமென்பது எமது துணிபு.

இரண்டாவது காரணம் சித்திரத்தின் தன்மை. இக்கதைகளிற் பெரும்பாலானவை மலிந்த தாளிற் கறுப்பு வெள்ளையாக அச்சிடப்படுபவை. சூழவுள்ள வீடு, வீதி, இயந்திரம் என்பன நுட்பமாக வரையப்பட, மாந்தர் முகமோ சில கோடுகளால் மாத்திரம் அமைகின்றது. கண் மாத்திரம் பெரிதாக விளங்குகின்றது. ஸ்காட் மக்கிளவுட் என்னும் அமெரிக்கச் சித்திரக் கதையாசிரியர் 1993 இல் எழுதிய நூலில் இதற்கொரு விளக்கம் தந்துள்ளார். முகம் நுட்பமாக வரையப்பட்டால் அது பிறனொருவனது முகம். சில கோடுகளால் ஆயின் படிப்பவன் தன் முகத்தையே அதிற் காண்கின்றான் என்பது அவர் கருத்தின் சாரம். இன்னுமொன்று: இரு சித்திரங்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில் நிகழ்ந்ததைப் படிப்பவனே தன் மனத்தால் நிரப்பிக் கொள்ளவேண்டும். ஓங்கிய கை ஒரு சட்டத்தில். வீழ்ந்த உடல் மறு சட்டத்தில். அடி விழுந்தது படிப்பவன் நெஞ்சில். தானும் சேர்ந்து செய்த கதையைத் தன் கதையென அவன் நினைப்பதில் வியப்பில்லை.

இக்காலச் சித்திரக் கதையின் தந்தையென யப்பானியர் போற்றும் தெசுக்கா ஒசாமு இத்துறையிற் பெரும் மாறுதல் செய்தார். 1928 இற் பிறந்த இவர் வைத்தியக் கல்வி கற்றுத் தேறியவர். ஆயினும் தூரிகையையே தொழிலாகக் கொண்டார். 1947 இல் வெளிவந்த ‘புதிய புதையற்றீவு’ என்னும் நூலில், சினிமாப் படம் ஓடுவது போன்ற விறுவிறுப்பைத் தாளிலே காட்டினார். 1952 இல் தொடங்கிய இவரது ‘அற்றம்’ என்னும் இயந்திரச் சிறுவனின் கதை யாவரும் அறிந்தது. மகனை விபத்தில் இழந்த விஞ்ஞானி ஒருவர் அவனைப்போலவே ஓர் இயந்திரப் பிள்ளையைச் செய்கின்றார். ஆனால் இயந்திரம் வளர்வதில்லை. வளராத பிள்ளையை வெறுத்த அவர் அவனை விற்றுவிடுகின்றார். தந்தையாற் கைவிடப்பட்ட அப்பிள்ளையே பின்னர் மனிதரைக் காக்கின்றான். இலட்சக்கணக்கான குடும்பங்கள் சிதைந்திருந்த யுத்தத்துக்குப் பிந்திய யப்பானில், அப்பிள்ளையை வேண்டாம் என்று எந்தச் சிறுவன் சொல்லுவான்?

மூன்றாவது காரணம், கதை நிகழும் இடமும் அதிற் பேசப்படும் துன்பமும் உண்மையானவை என்பது. ஜோ வந்து சேரும் சேரி கற்பனையூர் அன்று. ரோக்கியோவின் வடகிழக்கே சன்யா என்னும் பகுதி உண்டு. அங்கே ‘கண்ணீர்ப் பாலம்’ என்றொரு பெயர் இன்றும் வழங்குகின்றது. பழங்காலத்தில் கொலைத்தண்டனை பெற்றவர் உறவினரைப் பிரிந்து கொலைக்களம் செல்லும் வழியில் இருந்த பாலம் அது. வாழ்வில் தோற்றவர் அழுதுகொண்டே அப்பாலத்தைக் கடந்து சேரிக்கு வருகின்றனர். நாமோ ஒருநாள் அதனை எதிர்த்திசையிற் கடந்து வெளியேறுவோம் என்பது அவ்வொற்றைக் கண் ஆசானின் கனவு. அக்காலத்து ரோக்கியோவின் பெருவீதிகளையும் கட்டிடங்களையும் எழுப்பியோர் அச்சேரியிற் படுத்துறங்கிய கூலிகளே. நாடு செல்வத்திற் கொழித்தது. அவர்கள் வாழ்வு அங்ஙனம் கொழிக்கவில்லை. அன்னவர்க்கும் அவர் பிள்ளைகளுக்கும் ஜோ வெறுங்கதை அல்லன். தம்மைப் பற்றி ஒருவராவது எழுதினாரே என்னும் ஆறுதல். வரைந்த சிபா தெத்சுயா அவர்களும் பசியறிந்தவர். மஞ்சூரியாவிற் சிறுவயதைக் கழித்து, தோல்விக்குப்பின் 1946 இல் அகதியாய்த் தாயகம் திரும்பிய குடும்பம் அவரது. அவருக்கு 2024 இல் யப்பானின் கலாசார விருது வழங்கப்பட்டது. சித்திரக் கதைஞர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை.

பெண்பிள்ளைகளின் பற்றும் இத்தகையதே. இக்கெதா ரியோக்கோ என்னும் பெண்மணி தமது இருபத்துநான்காம் வயதில், 1972 இல், ‘வேர்சாயின் ரோசா’ என்னும் கதையைத் தொடங்கினார். பிரான்சியப் புரட்சியே அதன் களம். ஆண் வாரிசு இல்லாத தளபதி ஒருவர் தம் மகளை ஆணைப்போல வளர்க்கின்றார். ஒஸ்கார் என்னும் அப்பெண் அரச காவற்படையை நடத்துகின்றாள். பின்னர் பசித்த மக்களைக் கண்டு மனம் மாறி, அவர் பக்கம் நின்று, பஸ்தீல் கோட்டையின் முன்னே உயிர்விடுகின்றாள். 1974 இல் இது மேடையேறியபோதும் பெருந்திரளான மக்கள் சென்று கண்டனர். பாடசாலை முடிந்தால் திருமணம், பின்னர் அடுக்களை என்று வாழ்க்கை முன்கூட்டியே எழுதப்பட்டிருந்த பெண்பிள்ளைகளுக்கு, தன் வழியைத் தானே தெரிந்த ஒருத்தியை அக்கதை காட்டியது. அவர்கள் விரும்பியது ஒஸ்காரின் வாளையன்று. அவள் தெரிவு செய்த அந்தக் கணத்தையே என நாம் எண்ணுகின்றோம். இச்சபையிலுள்ள சகோதரிகளுக்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நான்காவதாக, சொல்லவொண்ணாத துயரைச் சொல்லும் வாயாகக் கதை அமைதல். நக்கசாவா கெய்ஜி என்பவர் 1945 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 ஆந் திகதி ஹிரோஷிமாவில் ஆறு வயதுச் சிறுவன். பாடசாலை மதில் மறைத்தமையால் உயிர் பிழைத்தார். தந்தை, தமக்கை, தம்பி மூவரும் வீழ்ந்த வீட்டின் கீழே அகப்பட்டு மாண்டனர். அன்றே தாய் ஒரு பெண்மகவை ஈன்றாள். அம்மகவும் சில மாதங்களில் இறந்தது. வளர்ந்து ரோக்கியோவிற் சித்திரக் கதை வரைந்த நக்கசாவா, அணுகுண்டைப் பற்றிப் பல்லாண்டு வாய்திறக்கவில்லை. 1966 இல் தாய் இறந்தாள். தகனஞ் செய்தபின் எலும்பு எடுக்கச் சென்றவர்க்குக் கிடைத்தது சாம்பலே, எலும்பு எஞ்சவில்லை. குண்டின் நஞ்சு என் தாயின் எலும்பையும் விடவில்லையே என்று வெகுண்ட அவர் அதன்பின்னரே அப்பொருளைப் பற்றி வரையத் தொடங்கினார். 1973 இல் ‘வெறுங்கால் கென்’ பிறந்தது. மிதிக்க மிதிக்க வேரூன்றி நிமிரும் கோதுமைப் பயிரைப்போல் இரு என்று தந்தை சொல்லிய சொல்லைப் பற்றிக்கொண்டு, சாம்பலுக்குள் வாழ்ந்து காட்டும் சிறுவனின் கதை அது.

சகோதரர்களே, இவ்விடத்தில் நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2009 இல் யுத்தம் முடிந்தபோது நாம் சிறு குழந்தைகள். நம் வீடுகளிற் சுவரில் மாலையிட்ட படங்கள் உண்டு. அப்படங்களைப் பற்றிய பேச்சு இல்லை. பெரியோர் பேசாமைக்குக் காரணம் உண்டு. அதனை நாம் குறைகூறவில்லை. நக்கசாவா அவர்களும் இருபது ஆண்டுக்கு மேல் மௌனமாகவே இருந்தார் அன்றோ! ஆயினும் பேசாத வீட்டிலே வளரும் பிள்ளை, பேசுகின்ற ஒருவனைத் தேடியே போவான். யப்பானியச் சிறுவனொருவன் எலும்பில்லாச் சாம்பலைக் கையில் ஏந்தி அழும்போது, நம் நண்பர் சிலர் அவனோடு கூட அழுதனர். அவர் யாருக்காக அழுதனர் என்பதைப் பெற்றோர் ஒருகணம் சிந்தித்தருள வேண்டும்.

நம் தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டெனக் கூறி, அவற்றுள் அழுகை தோன்றும் நிலைக்களன்களில் இழவையும் வறுமையையும் வைத்தார். பெருமிதம் தோன்றும் நிலைக்களன்களில் தறுகண்மையை வைத்தார். ஜோவின் கதையில் இவையாவும் ஒருங்கே நிற்கின்றன. யப்பானிய ஓவியர் தொல்காப்பியம் கற்றவர் அல்லர். ஆனால் மனிதர் நெஞ்சம் எங்கும் ஒன்றே.

ஐந்தாவது காரணம், வாசகனுக்கும் கதையில் பங்கு உண்டு என்பது. 1968 இல் தொடங்கிய ‘ஜம்ப்’ என்னும் சிறுவர் சஞ்சிகையில் ஒரு தபாலட்டை இணைக்கப்பட்டிருக்கும். எக்கதைகள் பிடித்தன என்று குறித்துச் சிறுவர் அதனை அனுப்புவர். அவர் விருப்பம் பெறாத கதை சில கிழமைகளில் நிறுத்தப்படும். நட்பு, முயற்சி, வெற்றி என்னும் மூன்றுமே அச்சஞ்சிகையின் கொள்கையாய் அமைந்தன. 1994 இன் இறுதியில் அதன் ஒரு இதழ் 65 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் அச்சாயிற்று. இன்னும், 1975 டிசம்பரில் ரோக்கியோவில் ரசிகர் தாமே வரைந்த கதைகளை விற்கும் சந்தையொன்று 32 குழுக்களுடன் தொடங்கியது. அன்று வந்தோர் சுமார் 700 பேர். இன்று இலட்சக்கணக்கானோர் செல்கின்றனர். தாம் விரும்பிய மாந்தருக்குத் தாமே புதுக்கதை புனைகின்றனர். கேட்டவன் பாடகனாகவும் மாறுகின்றான்.

இதிலே வணிகம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, மிக உண்டு. பொம்மை, சட்டை, அட்டை, பேனா என்று பற்றையெல்லாம் பணமாக்க அறிந்தவர் பலர். கதை முடிய வேண்டிய இடத்தில் முடியாது இழுபடுவதற்கும் அதுவே காரணமாவதுண்டு. வாசகனின் அன்பு மெய்யானது என்பதால் அதனை விற்பவன் உள்ளம் தூயது என்று ஆகிவிடாது. இதனை வாலிபர் மறத்தலாகாது.

வணிகத்தினும் பெரிய அபாயம் ஒன்று உண்டு. ரிக்கீஷிக்குச் சடங்கு நடந்தது மார்ச் 24 ஆந் திகதி என்றோம். சரியாக ஏழு நாள் கழித்து, மார்ச் 31 ஆந் திகதி, தீவிரவாத வாலிபர் ஒன்பதின்மர் யப்பானிய ஆகாய விமானம் ஒன்றைக் கடத்தி வடகொரியாவுக்குக் கொண்டு சென்றனர். யப்பானில் நிகழ்ந்த முதல் விமானக் கடத்தல் அதுவே. அவர்கள் விட்டுச்சென்ற அறிக்கையில், தாம் ‘நாளைய ஜோ’ எனத் தம்மைத் தாமே கூறிக்கொண்டனர்!

ஒரே கதை, ஒரே நகரம், ஒரே மாதம். அக்கதையை நேசித்த 700 பேர் கைகட்டி நின்று இறந்தவனுக்கு அஞ்சலி செய்தனர். அக்கதையை நேசித்த வேறு சிலர் ஆயுதம் ஏந்தி, குற்றமறியாப் பயணிகளை அச்சுறுத்தினர். இவ்விரு பற்றுக்கும் வேற்றுமை யாது? எமது பேச்சின் முடிச்சு இதுவே.

நாம் காணும் வேற்றுமை இது. ரிக்கீஷி இறந்தபின் கதையில் ஜோவுக்கு என்ன நேர்ந்தது தெரியுமா? எதிரியின் தலையில் அடிக்க அவன் கை எழவில்லை. அடிக்க முனைந்தால் குமட்டி வாந்தி எடுத்தான். தன் கையால் ஒருவன் இறந்தான் என்னும் நினைவு அவனை விட்டகலவில்லை. உலகத்துக்கு முரடனாகத் தோன்றியவனுக்குள்ளே மனச்சாட்சி விழித்துக்கொண்டது. விமானம் கடத்தியோர் ஜோவின் ஓங்கிய கையை எடுத்துக்கொண்டனர். நடுங்கிய கையை விட்டுவிட்டனர். அவர்கள் தம்மை ஒப்பிட்ட நேரத்தில் கதையும் முடிந்திருக்கவில்லை. முடிய இன்னும் மூன்றாண்டு இருந்தது. கதாநாயகனிடத்தே தமக்கு வேண்டியதை மாத்திரம் கிள்ளியெடுத்துத் தம் செயலுக்கு முலாம் பூசிக்கொள்வது அன்பு அன்று. அது அவனைப் பயன்படுத்துவது. அஞ்சலி செய்ய வந்தோர் அவனை அவனாகவே ஏற்றனர். அவன் பட்ட துன்பத்தைத் தமதாக உணர்ந்தனர். முன்னது தன்னையே பெருக்கிக் காட்டும் கண்ணாடி. பின்னது பிறன் வீட்டைக் காட்டும் சாளரம்.

ஆகவே, சித்திரக் கதை நல்லதா தீயதா என்று கேட்பது பயனற்ற வினா. என் அன்பு என்னை எங்கே கொண்டு போகின்றது என்று ஒவ்வொருவரும் தம்மையே வினாவ வேண்டும். ரிக்கீஷிக்காக அழுதவன், தன் வீதியிற் பசித்திருப்பவனைக் கண்டும் காணாதவன்போற் செல்வானாயின், அவன் அழுகை வீண். ஒஸ்காரைப் போற்றுகின்றவன், தன் தங்கை மேற்படிப்புக்குப் போக விரும்பும்போது குறுக்கே நிற்பானாயின், அவன் அக்கதையைப் படித்தவன் அல்லன், பார்த்தவன். கதைமாந்தர்மேல் வைத்த அன்பு மெய்ம்மாந்தர்மேற் பரந்தால் அது கல்வி. அப்படியின்றிக் கதவுக்குள்ளேயே உறைந்துவிட்டால் அது சிறை.

வாலிப நண்பர்களே! படியுங்கள், ஆனால் முழுவதும் படியுங்கள். வெற்றிக் காட்சியை மாத்திரம் வெட்டியெடுத்து நூறு முறை பார்ப்பதை விடுத்து, தோல்விக்குப்பின் அவன் எவ்வாறு எழுந்தான் என்பதைப் படியுங்கள். ஜோ தன் இறுதிப் போட்டியிலும் தோற்றவனே. எரிந்து தீர்ந்த வெண்சாம்பல்போல மூலையில் அமர்ந்து, முகத்தில் முறுவலோடு அவன் கதை நிறைவெய்துகின்றது. அவன் இறந்தானா, இளைப்பாறினானா என்று ஐம்பது ஆண்டு கடந்தும் யப்பானியர் வாதிடுகின்றனர். வென்றவனை அன்று, தன்னை முழுவதும் கொடுத்தவனையே அவர்கள் மறவாது போற்றுகின்றனர். பரீட்சையிற் தவறிய நண்பன் எவனும் உங்களில் இருந்தால், இதை அவனுக்குச் சொல்லுங்கள்.

பெரியோர்களே! உங்களிடத்தும் ஒரு விண்ணப்பம். பிள்ளையின் கையிலுள்ள கதையைப் பறிக்குமுன், “இவன் யார்? இவனுக்கு என்ன நேர்ந்தது?” என்று ஒருமுறை கேளுங்கள். அவன் சொல்லத் தொடங்குவான், சொல்லிக்கொண்டே போவான். கதைமாந்தனைப் பற்றித் தொடங்கிய பேச்சு எவ்விடத்தில் தன்னைப் பற்றிய பேச்சாக மாறியது என்பதை அவனும் அறியான், நீங்கள் அறிவீர்கள். அதன்பின் சுவரிலுள்ள அப்படத்தைப் பற்றி நீங்களும் ஒரு வார்த்தை சொல்லக் கூடுமாயின், அவன் கேட்கக் காத்திருக்கின்றான்.

ஈற்றில் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நமது வாசிகசாலையில் புராணங்களும் சரித்திர நூல்களும் நிறைந்த அலுமாரிகள் உள்ளன. அவற்றின் ஒரு தட்டிலே, தெசுக்கா அவர்கள் 1972 முதல் 1983 வரை வரைந்த புத்தர் சரிதத்துக்கும், நக்கசாவா அவர்களின் ஹிரோஷிமாக் கதைக்கும் இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். இரண்டும் ஆங்கில மொழிபெயர்ப்பிற் கிடைக்கின்றன. முன்னது வடநாட்டுப் பழங்கதையை ஒரு யப்பானியர் எங்ஙனம் கண்டார் என்பதைக் காட்டும். பின்னதைப் பற்றி ஒரு செய்தியை மாத்திரம் சொல்லி அமைவோம். யப்பானில் மத்சுவே என்னும் நகரத்தில், காட்சிகள் கொடியன என்று கூறி 2012 இல் அந்நூலைப் பாடசாலை வாசிகசாலைகளில் மாணவர் எளிதில் எடுக்காவண்ணம் தடுத்தனர். பலரும் கண்டிக்கவே 2013 இல் அத்தடை நீக்கப்பட்டது. நம் அலுமாரியில் அந்நூலுக்குப் பூட்டு வேண்டாம். வாலிபர் படிக்கட்டும், விரும்பிய பெரியோரும் உடனிருந்து படிக்கட்டும்.